பூசைக்கு வராத பெட்டி

"...கூடப்பொறந்தது ரெண்டும் இங்க சந்தனம் வெச்சுக்கிட்டு மாலையும் கழுத்துமா உக்காந்திருக்குது. அது ஒண்ணு மட்டும் அங்க கேக்க நாதியில்லாமக் கெடந்தா மனசு கேக்குமுங்களா டிரைவரே? நீங்களே சொல்லுங்க!"

நான் உள்ளே நுழைந்தபோது ஸ்டோர் அக்கா போனில் இப்படித்தான் யாரையோ உலுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். ஆயுத பூஜை நாள் மத்தியானம். சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த அந்தப் புற்றுநோய் மருத்துவமனையின் கீழ்த்தளம் முழுக்கப் பொரியும் சாம்பிராணியும் கலந்த வாசம். வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரெச்சர்களுக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தார்கள். கதிர்வீச்சுப் பிரிவின் அறை ஒன்றில் நீளப் பலகை போட்டு, வாழையிலை விரித்து, ஸ்டெதாஸ்கோப், ஸ்க்ரூ டிரைவர், அளவு நாடா, பெரிய டாக்டரின் பேனா என்று அந்தக் கட்டடத்தில் கைக்கு உதவுகிற எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார்கள். நடுநாயகமாக, அக்கா சொன்ன கூடப்பிறந்தவர்கள் இருவர். இருவரும் மனிதர்கள் இல்லை. இட்லிச் சட்டி அளவுக்கு இருக்கும் இரண்டு கறுப்புப் பெட்டிகள். மருத்துவமனையின் கணினித் தகவல்களைப் பத்திரமாகப் பிரதி எடுத்து வைத்திருக்கும் பெட்டிகள். அவற்றை அந்த மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவன் நான். மொத்தம் மூன்று. மூன்றாவது மோகனூரில் இருந்தது. போனின் மறுமுனையில் இருந்தவர் அங்கே மருத்துவமனை வேன் ஓட்டும் டிரைவர் அண்ணன்.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் நாமக்கல்காரன். கணினியைப் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்தவன் இல்லை. போர்வெல் ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடையில் வேலைக்கு இருந்தபோது, அங்கே பழுதாகிக் கிடந்த கணினியைக் கழற்றிப் பார்த்தே கற்றுக்கொண்டவன். கழற்றியதைத் திரும்ப மாட்ட வராமல் தவித்த தவிப்புதான் எனக்குப் பாடம். அந்தத் தவிப்பிலிருந்தே பிற்பாடு என் பிழைப்பும் வந்தது. ஒரு நிறுவனத்தின் கணினிகள் எரிந்து போகலாம், வெள்ளத்தில் மூழ்கலாம், வைரஸ் வந்து பூட்டிக்கொள்ளலாம். அப்படி ஆனால் உள்ளே இருந்த தகவல்களை எப்படி மீட்பது, எத்தனை சீக்கிரம் மீட்பது என்று முன்கூட்டியே யோசித்து ஏற்பாடு செய்து வைப்பதுதான் என் வேலை. நல்லது நடக்கும்போது யாருக்கும் என் நினைவே வராது. கெட்டது நடந்தால் முதல் போன் எனக்குத்தான்.

எந்த நிறுவனத்துக்குப் போனாலும் நான் இரண்டு கேள்விகளில்தான் தொடங்குவேன். எவ்வளவு தகவல் தொலைந்தால் தாங்குவீர்கள்? எத்தனை நேரம் கணினி இல்லாமல் பொறுப்பீர்கள்? இந்த இரண்டுக்கும் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் மற்றதெல்லாம். முட்டைக் கம்பெனியில் ஒரு பதில் வரும், நூல் மில்லில் வேறு பதில் வரும். அந்த மருத்துவமனையில் பெரிய டாக்டரிடம் நான் இதைக் கேட்டபோது, அவர் வாயைத் திறக்கும் முன் பக்கத்தில் நின்றிருந்த ஸ்டோர் அக்கா பதில் சொன்னார். "ஒண்ணும் போகக்கூடாதுங்க தம்பி. போனா ஒடனே வரணும். அவ்வளவுதானுங்க, இதுக்குப் போயி இத்தனை யோசிக்கறீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். அன்று முதல் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஸ்டோர் அக்கா என்பது ஊரே வைத்த பெயர். மருந்துக் கிடங்குக்கு அவர் பொறுப்பு என்பதால் அப்படி. ஆனால் கிடங்கு மட்டுமா அவர் பொறுப்பு? சாவிக்கொத்து, ஜெனரேட்டருக்கு டீசல், நோயாளிகளோடு துணைக்கு வந்தவர்கள் படுக்கப் பாய் என்று எல்லாமே அவர் தலையில்தான். திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஐம்பதைத் தாண்டியவர். பேச ஆரம்பித்தால் கேட்கிறவனுக்குத்தான் மூச்சு வாங்கும். எந்தப் பொருளையும் அவர் பொருளாகப் பேசியதில்லை. ஃப்ரிட்ஜ் "மூக்கை உறிஞ்சும்", லிஃப்ட் "அடம் புடிக்கும்". நான் மூன்று பெட்டிகளை வைத்து விளக்கியபோது அவர் கேட்ட ஒரே சந்தேகம், "இதுல மூத்தது எதுங்க?" என்பதுதான். அதற்குப் பிறகு அவை மூத்தது, நடுவுலது, கடைக்குட்டி என்றே அழைக்கப்பட்டன.

அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது என்ன என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பதை எங்கள் பக்கத்தில் 'கரண்டு வைப்பது' என்பார்கள். அதை ஒரே நாளில் கொடுத்து முடிப்பதில்லை. வாரக்கணக்கில், தினம் கொஞ்சமாக, நோயிருக்கும் இடத்துக்கு மட்டும், மயிரிழை பிசகாமல் குறிபார்த்துக் கொடுக்க வேண்டும். யாருக்கு, எந்தக் கோணத்தில், எவ்வளவு, இதுவரை கொடுத்தது போக மீதி எவ்வளவு என்பதெல்லாம் கணினியில்தான் இருக்கும். அது தொலைந்தால் பாதி வழியில் இருக்கும் நோயாளி அந்தரத்தில் நிற்பார். மேலே கொடுக்கவும் முடியாது, முதலிலிருந்து தொடங்கவும் முடியாது. நிறுத்தி வைத்தால் அந்த இடைவெளியில் நோய் தலைதூக்கும்.

அந்தச் சமயத்தில் பாதி வழியைத் தாண்டியிருந்தவர்களில் ஒருவர் மேச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த ஆட்டுக்காரப் பெரியவர். தொண்டையில் நோய். பட்டியில் நூறு ஆட்டைக் குரலாலேயே மேய்த்தவருக்குக் குரல் போய் வெறும் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றிலும் கிண்டல் குறையவில்லை. தலை அசையாமல் இருக்க முகத்துக்கு வலைபோல் ஓர் அச்சு செய்து மாட்டுவார்கள். அதைப் பார்த்து, "ஆட்டுக்குட்டி பால் குடிக்காம இருக்கறதுக்கு நாங்க மாட்டற வாய்க்கூடை மாதிரியே இருக்குதுங்க அம்மணி" என்று ஸ்டோர் அக்காவிடம் சொன்னவர். அக்கா அவரைச் சாமி என்பார், அவர் அக்காவை அம்மணி என்பார். தினமும் மெஷினுக்குள் போவதற்கு முன் இருவரும் ஒரு வாய்ப் பேச்சு பேசினால்தான் இருவருக்குமே அன்றைய பொழுது தொடங்கும்.

என் ஏற்பாடு எளிமையானது. மருத்துவமனையின் மையக் கணினியான சர்வர் இருந்த அறையில் ஒரு பெட்டி. பின்பக்கம் நர்ஸ்களின் விடுதியில் இரண்டாவது பெட்டி, பக்கத்திலேயே ஒரு பழைய மாற்று சர்வர். காவிரிக் கரையில் மோகனூரில் அந்த மருத்துவமனைக்கு ஒரு சின்னக் கிளினிக் இருந்தது. மருத்துவம் முடிந்து போனவர்கள் சேலம் வரை அலையாமல் அங்கேயே வந்து காட்டிக்கொள்வார்கள். மூன்றாவது பெட்டி அங்கே. அன்றன்றைய தகவல் அன்றன்று இரவே மூன்றுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஓர் அறை போனால் விடுதி இருக்கிறது, வளாகமே போனாலும் மோகனூர் இருக்கிறது. இவ்வளவுதான் தத்துவம். அவ்வப்போது நான் ஒத்திகையும் பார்ப்பேன். சர்வர் செத்துப்போனதாகப் பாவித்து, பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் மாற்று சர்வரில் எழுப்பிப் பார்ப்பேன். பிரதி எடுத்து வைத்தால் மட்டும் போதாது, எடுத்தது உயிரோடு திரும்புகிறதா என்று பார்க்காதவரை அது வெறும் இரும்புதான். அக்காவுக்கு இந்த ஒத்திகை பெரிய வேடிக்கை. "தம்பி வந்துட்டாருங்க, இன்னிக்கு நெருப்பில்லாத ஊட்டுக்குத் தண்ணி ஊத்தற நாளு" என்று எல்லோருக்கும் அறிவிப்பார்.

வெள்ளம், தீ, திருட்டு, வைரஸ் என்று எல்லாவற்றுக்கும் யோசித்திருந்தேன். ஆயுத பூஜைக்கு யோசிக்கவில்லை. யார்தான் யோசிப்பார்கள்?

அன்று அக்கா விடிந்ததும் சர்வர் அறைப் பெட்டியைக் கழற்றியிருக்கிறார், விடுதிப் பெட்டியையும் ஆள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். இரண்டையும் துடைத்து, மாலை போட்டு, பலகையில் உட்கார வைத்துவிட்டார். மாற்று சர்வர் தூக்க முடியாத கனம் என்பதால் அதற்கு மட்டும் இருந்த இடத்திலேயே பொட்டு. மோகனூர் பெட்டியைக் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டு வரச் சொல்லி டிரைவர் அண்ணனுக்கு முந்தின நாளே உத்தரவு போயிருந்தது. அவரும் காலையிலேயே கழற்றி வேனில் வைத்துவிட்டார். ஆனால் கிளம்புவதற்கு முன் வேனுக்குப் பூசை போட்டுவிட்டார். லாரிக் குடும்பத்தில் பிறந்தவர். பூசை போட்ட வண்டியின் சாவியை மறுநாள் மறுபூசை முடிகிறவரை தொடுவதில்லை என்பது அவருடைய அப்பா காலத்திலிருந்து அவர்கள் வீட்டு வழக்கம். சாவியும் சாமி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. வண்டி நகராது, வண்டிக்குள் இருக்கும் பெட்டியும் நகராது. அதற்குத்தான் அந்தத் திட்டு.

போன் பேச்சு முடிந்து அக்கா என்னிடம் திரும்பியபோது நான் சும்மா விடவில்லை. "அக்கா, மூணு பெட்டி வெச்சதே, மூணும் ஒரே எடத்துல இருக்கக் கூடாதுன்னுதானே?" என்றேன்.

"வருசம் பூரா தள்ளித் தள்ளித்தான தம்பி வெச்சிருக்கறீங்க? ஒரு காதுகுத்து, மொட்டைக்குக்கூட கூடப்பொறந்ததுங்கள ஒண்ணு சேர விடமாட்டீங்களா? ஒரே ஒரு நாளுங்க. நாளைக்குக் காலைல மறுபூசை போட்டு அதது ஊட்டுக்கு அனுப்பி வெச்சர்றேன்."

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"நல்ல நாளு அதுவுமா வாயில என்ன வார்த்தைங்க வருது? மொதல்ல சுண்டலைச் சாப்பிடுங்க."

பெரிய டாக்டரும் சிரித்துக்கொண்டே, "விடுங்க, அந்தம்மா மனசு நோகக் கூடாது" என்று சொல்லிவிட்டார். நான் சுண்டலைச் சாப்பிட்டேன். பொரிப் பொட்டலத்தை வண்டியில் மாட்டிக்கொண்டு மழை தூறத் தொடங்குவதற்குள் நாமக்கல்லுக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை, விஜயதசமி அன்று, நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது மருத்துவமனையில் தீ என்று போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தீயை அணைத்து முடித்திருந்தார்கள். கெட்டியான சுவருக்குள் தனியாக இருக்கும் கதிர்வீச்சு மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல்தளத்து நோயாளிகளையும் பத்திரமாக வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் சர்வர் அறையும், அதை ஒட்டிப் பூசை போட்டிருந்த அறையும் கரிக்கட்டையாக இருந்தன. பலகையும் இல்லை, பலகையில் இருந்தவையும் இல்லை. கறுப்புத் தண்ணீரில் ஒரு மாலையின் நார் மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

வாசலில், கட்டியிருந்த வாழைக்கன்றுக்குக் கீழே, ஸ்டோர் அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் ஏத்துன வெளக்குங்களா தம்பி?" இன்னும் யாருக்கும் தெரியாது, தீயணைப்பு ஆட்கள் பார்த்துச் சொல்லட்டும் என்றேன்.

அதற்குள் அன்றைய சிகிச்சைக்கு நோயாளிகள் வந்து சேர்ந்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு ஒரு நாள்தான் விடுமுறை, மறுநாள் மெஷின் ஓடியாக வேண்டும் என்பது பெரிய டாக்டரின் கண்டிப்பு. வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு அவர்களை உட்கார வைத்திருந்தார்கள். ஆட்டுக்காரப் பெரியவரும் தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். பெரிய டாக்டர் என்னைத் தனியே அழைத்துப் போனார். அவர் குரல் இறங்கியிருந்தது. "மெஷின் இருக்கு, மின்சாரம் நாளைக்கு வந்துரும். ஆனா யாருக்கு எங்க, எவ்வளவு கொடுத்தோம்னு தெரியாம ஒரு துளிகூடக் கொடுக்க மாட்டேன். குத்துமதிப்பாக் கொடுக்கறதுக்கு இது தோசைக்கு எண்ணெய் ஊத்தற வேலை இல்லை. நீங்க சொல்லுங்க, வருமா வராதா?"

சர்வர் போயிற்று, மூத்தது போயிற்று, நடுவுலது போயிற்று. உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பிரதி. முந்தாநாள் இரவு வரைக்குமான தகவல் மொத்தமும் அதில் இருக்கும். நேற்று சிகிச்சையே நடக்கவில்லை, ஆகவே ஒன்றும் விட்டுப்போயிருக்காது. அது வேனுக்குள் இருக்கிறது. வேன் மோகனூரில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பப் போட்டேன். அவர் வீட்டுக்குப் போட்டதில் அவர் மனைவி எடுத்தார். "அக்கா அத்தனை திட்டு திட்டுனாங்கன்னு வெள்ளனயே மறுபூசை போட்டுட்டுப் பொறப்பட்டுட்டாருங்களே" என்றார்.

எத்தனையோ பேரின் வாழ்வு சாவு மொத்தமும் ஒரு பழைய வேனில், இரவு முழுக்கப் பெய்த மழையில் குண்டும் குழியுமான ரோட்டில் வந்துகொண்டிருந்தது. குலுங்கக் கூடாது, நனையக் கூடாது, எங்கும் முட்டக் கூடாது. அக்கா என் பேச்சைக் கேட்டுக்கொண்டே எழுந்து வந்துவிட்டார். தன் போனை எடுத்து அவரே அடிக்கத் தொடங்கினார். அடித்துக்கொண்டே வாசல் கேட்டுக்குப் போனார், திரும்ப உள்ளே வந்தார், மறுபடியும் கேட்டுக்குப் போனார். பெஞ்சில் இருந்த பெரியவர் இதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஏனம்மணி, பட்டியில குட்டியக் காணமுங்களா?" என்றார், காற்றுக் குரலில்.

"ஒண்ணே ஒண்ணுதான் சாமி பொழச்சிருக்குது. அதும் வழியில வருது. உங்களுக்குக் கரண்டு வெக்கறதுகூட அதுக்குள்ளதான் இருக்குது."

பெரியவர் அதைக் கேட்டும் அசரவில்லை. "அப்பப் போனை உள்ள வைங்க. வழியில வர்ற குட்டியத் தாய் கத்திக் கூப்புடக் கூடாது. பதறி ஓடியாரும், குழியில விழுகும். தானா வரட்டும்."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். போனை இடுப்பில் செருகிக்கொண்டார். இருவரும் ரோட்டைப் பார்த்தபடி நின்றார்கள். அந்தப் பெட்டி வராவிட்டால் யாருக்கு இழப்பு அதிகமோ அந்த மனிதர்தான் எங்கள் எல்லோரிலும் நிதானமாக இருந்தார். நான் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். ஒவ்வொரு வெள்ளை வண்டிக்கும் ஓரடி முன்னால் போய்த் திரும்பினேன்.

வேன் வந்தது. அவசரமே இல்லாமல், முகப்பில் மாலையும் பொட்டுமாக, மாப்பிள்ளை ஊர்வலம் போல வந்தது. டிரைவர் அண்ணன் இறங்கி, கேட்டில் நின்ற கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோனார். தீப்பிடித்தது அவருக்குத் தெரியாது. "ஏனுங்க்கா, நான் லேட்டா வந்ததுக்கு இத்தனை பேரா நிக்கறீங்க? திட்டறதா இருந்தா ஒரு டீயக் குடிச்சுட்டு வந்து வாங்கிக்கறேனுங்க. போனை அடிச்சுக்கிட்டே இருந்தீங்க, வண்டி ஓட்டையில எடுக்க மாட்டேன்னு உங்களுக்குத்தான் தெரியுமில்லீங்க" என்றார். முன் சீட்டில், அவருக்குப் பக்கத்தில், துண்டில் சுற்றி, சீட் பெல்ட் போட்டு, கடைக்குட்டி உட்கார்ந்திருந்தது. தலையில் ஒரு எலுமிச்சம்பழம்.

நான் கையை நீட்டினேன். அக்கா கொடுக்கவில்லை. தானே பெல்ட்டைக் கழற்றி, இரண்டு கையாலும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எங்க எறக்கணும்னு மட்டும் சொல்லுங்க தம்பி" என்றார். விடுதிக்குப் போனோம். தீ அந்தப் பக்கம் வரவேயில்லை, அங்கே மின்சாரமும் இருந்தது. மாற்று சர்வர் நேற்றைய பொட்டோடு அப்படியே இருந்தது. எல்லோரும் உடனே பெட்டியைத் திறந்து பார்க்கத் துடித்தார்கள். நான் விடவில்லை. மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று என்றால் முதல் வேலை அதை இரண்டாக்குவது. அதைத் தொடாமல் அப்படியே ஒரு நகல் எடுத்துவிட்டு, அந்த நகலை வைத்துத்தான் மற்ற வேலை. நகல் ஓடி முடிகிறவரை அக்கா வாசற்படியில் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்தார். தண்ணீர் பாட்டிலோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். பெரிய டாக்டரையே, "டாக்டருங்களா இருந்தாலும் ஈரச் செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றார். அவரும் கழற்றிவிட்டுத்தான் வந்தார்.

நகல் முடிந்ததும் கடைக்குட்டியைத் திரும்ப வேனில் ஏற்றி மோகனூருக்கே அனுப்பிவிட்டேன். ஒரே கூரைக்கு அடியில் இரண்டும் இன்னொரு பகலைக்கூடக் கழிக்க நான் தயாராக இல்லை. பிறகு ஒத்திகையில் செய்து செய்து கைக்குப் பழகிய அதே வரிசையில், ஒவ்வொன்றாக எழுப்பினேன். கரண்டு விவரங்கள் எழுந்து வந்து திரையில் பெயர்கள் வரிசையாக விழுந்தன. பெரிய டாக்டர் மேச்சேரிப் பெரியவரின் பெயரைத் தொட்டார். கழுத்தின் படம் வந்தது, கோணங்கள் வந்தன, எதுவரை வந்திருக்கிறோம் என்பது வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அக்கா வாசல் நிலையிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டார்.

அப்புறமும் அவர்கள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு நோயாளியின் திட்டத்தையும் டாக்டரும் அவர் குழுவும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள், மெஷினை வெறுமனே ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாள் தள்ளிச் சிகிச்சை தொடங்கியது. விட்டுப்போன நாட்களை ஈடுகட்டிவிடலாம் என்று டாக்டர் சொன்னார், ஈடுகட்டியும் விட்டார். முதல் ஆளாக உள்ளே போன பெரியவர், வாய்க்கூடையை மாட்டுவதற்கு முன் அக்காவைத் தேடி, "குட்டி பால் குடிச்சுதுங்களா?" என்று கேட்டாராம்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. எனக்கு அதுதான் பெரிய ஆறுதல். தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து பார்த்த அதிகாரி, தீ தொடங்கிய இடம் சர்வர் அறைக்குப் பின்னால், மின்சாரம் நின்றால் கணினிகளைத் தாங்குவதற்காக இருந்த பேட்டரி வரிசைதான் என்றார். அக்கா நம்பவில்லை. அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் அந்த மனிதர் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கரிக்குள்ளிருந்து எடுத்த பித்தளை விளக்கைக் காட்டினார். "இங்கிருந்து பரவலைங்கம்மா. தீ அந்தப் பக்கச் சுவரைத் தாண்டித்தான் இங்க வந்திருக்கு. அதுக்கு ரொம்ப முன்னாடியே உங்க வெளக்கு மலையேறிருச்சு." தீப்பிடித்த நாளில் அழாத ஸ்டோர் அக்கா அப்போதுதான் அழுதார். விளக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டே அழுதார். துடைக்கத் துடைக்க முந்தானை கறுத்ததே தவிர விளக்கு வெளுக்கவில்லை. அவர் நிறுத்தவில்லை.

இதெல்லாம் முடிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்று அந்த மருத்துவமனையில் நான்கு பெட்டிகள். பேட்டரி வரிசை தனிக் கட்டடத்துக்குப் போய்விட்டது. ஆயுத பூஜை அன்று ஒவ்வொரு பெட்டிக்கும் இருந்த இடத்திலேயே பொட்டு, ஒன்றைக்கூட அசைப்பதில்லை. அக்கா ஓய்வுபெற்று ராசிபுரத்தில் மகளோடு இருக்கிறார். சரஸ்வதி பூஜை வந்தால் மருத்துவமனைக்குப் போன் பண்ணி, "எதையாவது எடம் மாத்துனீங்களா?" என்று அதட்டுகிறாராம். மேச்சேரிப் பெரியவருக்குக் குரல் திரும்பிவிட்டது. கரகரப்பான குரல்தான். ஆட்டுக்கு அது போதும் என்கிறார். மோகனூரில் காட்டிக்கொள்ள வரும்போதெல்லாம் கடைக்குட்டி இருக்கும் அறையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம்.

என் தொழிலும் மாறிவிட்டது. முன்பெல்லாம் இரண்டு கேள்விதான் கேட்பேன், இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. உங்கள் இடத்தில் என்னென்ன விசேஷம் கொண்டாடுவீர்கள்? எது எதைப் பெருமையாக நினைத்து ஒன்றாக வைப்பீர்கள்? புதிதாகப் போன இடங்களில் இதைக் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் பதில் வரத் தொடங்கியதும் பாருங்கள். ஒரு ரிக் கம்பெனியில், பத்திரமான இடம் என்று மாற்றுப் பெட்டியை முதலாளி வீட்டுச் சாமி அறையில், தினம் விளக்கெரியும் மாடத்துக்குக் கீழே வைத்திருந்தார்கள். ஒரு நூல் மில்லில் அமாவாசைக்கு அமாவாசை எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிடுவார்கள், பிரதி எடுக்கும் கணினி உட்பட. நான் படித்த கையேடுகள் எங்கிருந்தோ வந்தவை. பூகம்பத்தையும் புயலையும் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லும். ஒருத்தர் ஒரு பெட்டியின் மேல் பிரியம் வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவை சொல்வதில்லை. பிரியத்தைத் தடுத்துப் புண்ணியமில்லை, அதற்கும் இடம் விட்டுத்தான் நம் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்பது எனக்கு அக்காவால் வந்த புத்தி.

இப்போதும் ஆயுத பூஜை மத்தியானம் என்றால் எனக்குத் தீயோ கரியோ நினைவுக்கு வருவதில்லை. அந்த அறைக்குள் நான் நுழைந்த நிமிடம்தான் வருகிறது. டிரைவர் அண்ணன் எத்தனை சொல்லியும் வண்டியை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "நீங்களே சொல்லுங்க" என்று கேட்ட அக்கா பதிலைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். என் பக்கம் திரும்புவதற்கு முன், பலகையில் இரண்டு பெட்டிகளுக்கும் பக்கத்தில், மூன்றாவதற்கு என்று விட்டு வைத்திருந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, அந்த வெற்று இலையின் மேல் ஒரு பொட்டு வைத்து, தன் தலையிலிருந்த பூவில் ஒரு கண்ணியைக் கிள்ளி அதன்மேல் வைத்துவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார்.